பென்சில் வரி

ஐந்தரைக்கு எழுந்தேன். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவினேன். பிறகு வெட்டிக் காய்ச்சினேன். அரை லிட்டர் ஒருவனுக்கு அதிகம். அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. காபி குடித்தேன். குளித்தேன். சனிக்கிழமை, அலுவலகம் இல்லை. சிட்லபாக்கத்திலிருந்து சேலையூருக்கு வண்டியில் போனேன்.

சேலையூரில் என் மாமனார் லாசரஸ் இருக்கிறார். முப்பத்தோரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவர். ஒருமுறை பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் பிட்ச் போடத் தோண்டியபோது மண்ணோடு ஒரு கற்கோடரி வந்தது. அதிலிருந்து அவருக்கு இரண்டு வேலை. தாம்பரம் பக்கத்துக் கிரிக்கெட்டின் பழைய ஸ்கோர் நோட்டுகளைச் சேர்ப்பார். குன்றோரங்களில் கற்கருவி தேடுவார். இரண்டையும் ஒரே புத்தகமாக எழுதி முடித்துவிட்டார். நான் டைப் செய்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒருவர் மட்டும் சொன்னதை அவர் பென்சிலில் எழுதுவார். இரண்டாவது சாட்சி கிடைத்தால் அதன் மேல் பேனா ஓடும். பேனாவில் இருப்பதுதான் அச்சில் ஏறும். கல்லுக்கும் அப்படியே. எடுத்த இடத்தை இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இன்னொருவர் அவர் மகள் பிளஸ்ஸி. என் மனைவி. ஐந்து மாதம் முன்பு காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு எடுத்த கற்கள் எல்லாம் பென்சிலில் இருக்கின்றன.

நான் போனபோது அரிகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தார். பழைய ஓப்பனிங் பேட்ஸ்மேன். எழுபத்தெட்டு வயது.

"நான் அடிச்ச சிக்ஸர் ஓடுற ரயில்ல விழுந்துது. இன்னும் பென்சில்லயே வெச்சிருக்கியேடா, லாசரஸ்?"

"வேற யாரு பார்த்தா?"

"தனக்கோடி பார்த்தான்."

"அவன் செத்து ஏழு வருஷம் ஆச்சு."

"அப்ப அந்த ரயிலைப் போய்க் கேளு." என்னிடம் திரும்பினார். "பாருப்பா ஜெஃப்ரி, கல்லை நம்புறான், என்னை நம்ப மாட்டேங்கிறான்."

"கல்லு சிக்ஸர் அடிச்சேன்னு சொல்லாது, அரி."

அரிகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். மாமா ஒரு தாளை என்னிடம் கொடுத்தார்.

"இதுதான் கடைசி, மாப்பிள்ளை. டைப் பண்ணிட்டா முடிஞ்சுது."

சமர்ப்பணம். பிளஸ்ஸியின் பெயர். அதன் கீழே, அவள் கடைசியாகச் சொன்னது என்று ஒரு வரி: "அப்பாவைத் தனியா விட்டுடாத." பேனாவில் எழுதியிருந்தார்.

அவள் அதைச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலேயே மாமா என் கையைப் பிடித்து, அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். அவரால் நிற்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதற்கு நான் ஒருவன்தான் சாட்சி. ஆனாலும் அவர் அதைப் பேனாவில் எழுதிவிட்டார்.

டைப் செய்தால் அவர் புத்தகத்தில் என் பொய் ஏறும். உண்மையைச் சொன்னால் மகளிடமிருந்து அவருக்கு மிஞ்சிய ஒரு வரியும் போய்விடும். தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, எழுத்துப் புரியலையா?"

"புரியுது மாமா. அவ இதைச் சொல்லல. நானா சொன்னது."

அவர் மேசையில் கற்கள் வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.

"அன்னைக்கு நான் பென்சிலைத் தேடவே இல்ல," என்றார்.

தாளை வாங்கி அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். ஸ்கோர் நோட்டில் திருத்துவது போல. பிறகு பென்சிலைச் சீவினார். கொஞ்ச நேரம் பிடித்தது.

"என்ன சொன்னா? மாத்தாம சொல்லுங்க."

அன்று விடிகிற நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் வாசலைத் தாண்டும்போது அவள் கண் திறந்து என்னைப் பார்த்துப் பேசினாள். வண்டிக்குள் மாஸ்க் போட்டார்கள். அதற்குப் பிறகு பேசவில்லை.

சொன்னேன். அவர் எழுதினார்.

"பால் வந்திருக்கும். கழுவிட்டு வெட்டு, ஜெஃப்ரி."