ஜமுனா கேட்ட பாடு

வெள்ளைக்காரம்மாவுக்கு ஜமுனா அழ வேண்டும். அதைப் படம் பிடிக்கத்தான் அவர் அத்தனை தூரத்திலிருந்து வந்திருந்தார். அவர் நாட்டு அரசாங்கம் கொடுக்கும் பணத்தில்தான் பழவேற்காடு ஏரித் தீவுக்கு வைத்தியப் படகு ஓடியது. அந்தப் படகில்தான் நர்ஸ் வருவாள், வலி கண்டவளைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். இப்போது அந்த நாட்டில், அடுத்தவர்களுக்கு ஏன் இவ்வளவு கொட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரே சண்டையாம். பாதியாக வெட்டப் போகிறார்களாம், அப்படி வெட்டினால் படகும் நின்றுவிடுமாம். உருக்கமாக ஒரு படம் காட்டினால் மனம் இரங்குவார்கள் என்று, மொழிபெயர்க்க வந்த சென்னை ஆபீஸ் முரளி சொன்னான்.

ஜமுனாவும் அழத் தயாராகத்தான் உட்கார்ந்தாள். மகள் இளவரசிக்கு எட்டாம் மாதம். படகு நின்றுவிட்டால் பிரசவத்துக்கு எப்படிக் கரை சேர்ப்பது என்ற பயம் அவளைத் தூங்க விடவில்லை.

எப்படிப் பிழைக்கிறீர்கள் என்று முதலில் கேட்டார்கள். "இங்க எல்லாமே பாடுதான். எங்க பாடு வந்தா நாங்க போவோம், அவங்க பாடு வந்தா வழி விடுவோம்" என்றாள் ஜமுனா. இறால் நிறைய விழும் இடங்களில் இன்றைக்கு யார், நாளைக்கு யார் என்று முறை வைத்து வலை போடுவதற்கு அங்கே பாடு என்று பெயர். முரளி தி.நகர்க்காரன். அவனுக்குத் தெரிந்தது படுகிற பாடு ஒன்றுதான். அதையே இங்கிலீஷில் உருக்கமாக எடுத்துவிட்டான். வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாவது வரை படித்த இளவரசி காதோடு சொன்னாள்: "யம்மா, எல்லாமே கஷ்டம்னு சொல்லிட்டாரு."

ஜமுனா முரளியைப் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "விடுங்கக்கா. நல்லாத்தான் வேலை செய்யுது. அப்படியே கொஞ்சம் அழுதீங்கன்னா படகு நிக்காது."

அவன் கெட்டவன் இல்லை. சொன்னதும் பொய் இல்லை. அதனாலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாடுன்னா முறைன்னு சொல்லு தம்பி. ஒருத்தன் வலை போட்டா இன்னொருத்தன் கரையில குந்தினு இருப்பான். அவன் பிச்சைக்காரன் இல்ல, அவன் முறை நாளைக்கு. இவங்க ஊரு நல்ல எடமா பாத்து வலைய போட்டு வெச்சினு எடுக்கவே மாட்டேங்குது. எவ்ளோ குடுக்கணும்னு கேக்குறாங்களாமே, எப்ப வலைய எடுப்பாங்கன்னு நான் கேக்குறேன். அப்படியே சொல்லு."

முரளி திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். வெள்ளைக்காரம்மா கேமராவை நிறுத்தச் சொன்னார். நீங்கள் கேட்பது நியாயம்தான், ஆனால் எங்கள் ஊரில் எடுபடாது, இன்னொரு தரம் உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்களேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். ஜமுனா எழுந்து போய்விட்டாள்.

டீசலுக்குப் பணம் வராமல் அந்த மாதக் கடைசியோடு படகு நின்றது. அவள் வாய்க்கொழுப்புதான் காரணம் என்று ஊரே ஏசியது. கூட்டம் போட்டபோது ஜமுனா ஒன்றே ஒன்று கேட்டாள். நல்ல இடத்தில் ஒரு பாட்டைப் படகுக்கு விடுங்கள், பெண்கள் நாங்கள் வலை போடுகிறோம், அந்த இறாலை விற்று டீசல் போடலாம் என்றாள். ஊர்த்தலைவர் கேசவன் அவளுக்குக் கொழுந்தன். பொம்பளைக்கு ஏது பாடு என்று சிரித்தார். பிறகு பெரிய மனதோடு விளக்கினார். "நம்ம வூட்டுக்கே பத்தல அண்ணி. மொதல்ல நம்மள பாத்துக்கணும். அப்பாலதான் மத்ததெல்லாம்."

"அந்தம்மா ஊர்லயும் இதையேதான் சொல்றாங்களாம்" என்றாள் ஜமுனா. "அவங்க கடலுக்கு அந்தாண்ட கீறாங்க. நீ எம் பொண்ணு வயித்த பாத்துனே சொல்ற."

மறுநாள் கேசவனின் பாடு. அவர் போய்ச் சேர்ந்தபோது அந்த இடத்தில் ஏற்கெனவே வலை கிடந்தது. அடுத்தவர் பாட்டில் வலை போட்டால் ஊரை விட்டுத் தள்ளிவைப்பார்கள். அது தெரிந்தேதான் ஜமுனா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். கூடவே தீவின் பெண்களெல்லாம் வலையைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள்.

கேசவன் கத்திப் பார்த்தார். பிறகு தண்ணீரில் குதித்து வலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். வலை அசையவில்லை. மறுமுனையைப் பிடித்திருந்தவள் அவர் மனைவி சரோஜா. அவள் விடுகிற மாதிரி தெரியவில்லை.