ஓடைக்கு அந்தப் பக்கம்

ஆய்வாளர் கொட்டகைக்குள் வந்தபோது நாற்பது பெட்டிகள் அடுக்கி முடிந்திருந்தன. பெட்டிக்கு ஆறு முலாம்பழம். ஒவ்வொரு பழத்திலும் மேட்டுப்பழம் என்று ஒரு வட்ட ஸ்டிக்கர்.

"இந்தப் பேரை நீங்க போடக்கூடாதும்மா," என்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

மூக்கு சிரித்துவிட்டாள். காம்புக்கு எதிர்ப்பக்கம் ஒருமுறை முகர்ந்தால் போதும், இன்று பறிக்கலாமா நாளைக்கா என்று சொல்லிவிடுவாள். அதில் வந்த பட்டப்பெயர். அவளுடைய கல்யாணப் பத்திரிகையில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை.

"போன மாசம் பேர் பதிவாயிடுச்சு. மேட்டு ஊர் எல்லைக்குள்ள விளைஞ்ச பழத்தைத்தான் இனிமே அந்தப் பேர்ல விக்கலாம். எல்லை ஓடையோட முடியுது. உங்க நிலம் ஓடைக்கு அந்தப் பக்கம்."

"சார், பதிவு பண்றதுக்கு மூணு வருஷம் நாயா அலைஞ்சதே நாங்கதான். எங்க அண்ணன்தான் சங்கத்துச் செயலாளர். எங்கயோ தப்பு நடந்திருக்கு."

அவர் வரைபடத்தைப் பெட்டிகளின்மேல் விரித்தார். சிவப்புக் கோடு ஓடையை ஒட்டியே வளைந்து போனது. அதற்கு வெளியே பழம் போடுகிறவள் அவள் ஒருத்திதான். கல்யாணமாகி ஓடையைத் தாண்டி வந்தபோது அப்பாவின் விதையையும் கொண்டுவந்திருந்தாள். இருபது வருடமாகச் சந்தையில் யாரும் எந்தக் கரை என்று கேட்டதில்லை.

கோட்டுக்குக் கீழே மூன்று கையெழுத்துகள். முதலாவது அண்ணனுடையது. மூன்றாவது அவளுடையது.

அந்த நாள் ஞாபகம் வந்தது. இதே கொட்டகை. அண்ணன் வரைபடத்தை எட்டாக மடித்து, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் மேலே தெரியும்படி நீட்டினான். "சும்மா ஒரு கோடு, போடு." கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். கூடப் பிறந்தவன் நீட்டுகிற காகிதத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

போன் செய்தாள். பத்து நிமிடத்தில் அண்ணன் வந்துவிட்டான். எப்போதும் பைக்கில் வருகிறவன் இன்று சரக்கு வண்டியில் வந்தான். வண்டி காலியாக இருந்தது.

அவளைப் பெட்டிகளுக்குப் பின்னால் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரு இடத்துல கோடு போட்டுத்தானே ஆகணும் பாப்பா. இல்லைன்னா வர்றவன் போறவன் எல்லாம் நானும் மேடுதான்னு நிப்பான்."

"அதுக்கு என் தலையிலதான் போடணுமா?"

"அடுத்த வருஷம் திருத்தம் பண்ணிடலாம். இப்போ பழம் வீணாகக் கூடாது. ஸ்டிக்கரை உரிச்சுட்டு எனக்கே குடு. வெறும் பழம் என்ன விலை போகுதோ, ஒரு ரூபா கூடவே தரேன்."

"வாங்கிட்டுப் போயி?"

"என் கொட்டகையில இறக்குவேன்."

"ஓடையத் தாண்டினா அது மேட்டுப்பழம் ஆயிடுமா அண்ணா?"

அவள் வண்டியைப் பார்த்தாள். டிரைவர் பக்கத்து சீட்டில் ஸ்டிக்கர் சுருள்கள் கிடந்தன. அரசு முத்திரை போட்டவை, புதியவை.

மூக்கு சுவரோரம் போனாள். கம்பியில் குத்திவைத்த சீட்டுகளைப் புரட்டி, இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்த லேப் சீட்டுகளை எல்லாம் உருவினாள்.

"சார், எங்க பழம் தனி ரகம்னு எதை வெச்சு ஒத்துக்கிட்டாங்க?"

"லேபுக்கு ஒன்பது பழம் வந்துச்சு. சர்க்கரை அளவு வேற எங்கயும் இல்லாத அளவு இருந்துச்சு."

"அந்த ஒன்பதையும் பொறுக்கினது நான்தான். நல்லதா எடுன்னு அண்ணன் சொன்னாரு. எடுத்தேன். எந்த நிலம்னு ஃபாரத்துல கேட்டிருந்தாங்க. உள்ளதை எழுதினேன்."

அண்ணன் அந்தச் சீட்டுகளில் சர்க்கரைக் கட்டத்தை மட்டும்தான் பார்த்திருந்தான். அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

ஆய்வாளர் சீட்டைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார். நில எண்ணின் மேல் விரலை வைத்துத் தேடினார். ஒன்பதில் ஏழு சீட்டுகளுக்கு விரல் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரே இடத்தில் போய் நின்றது. முதல்முறையாக ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

"இதை நான் ஃபைல்ல சேர்த்தா உங்களுக்குப் பேர் கிடைச்சிடாதும்மா. மொத்தப் பதிவும் ரத்தாகலாம். யோசிச்சுக்குங்க."

"பாப்பா, வீட்டுல வெச்சுப் பேசிக்கலாம்," என்றான் அண்ணன். "அறுபது குடும்பம் இருக்கு."

"கோடு போடும்போது அறுபத்தொண்ணுன்னு எண்ணத் தெரியலையா?"

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அவள் பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அதன் ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினாள். முழுதாக வரவில்லை. பாதி கிழிந்து தோலோடு ஒட்டிக்கொண்டது.

"நாற்பது பெட்டியையும் உரிச்சுடறேன் சார். வெறும் முலாம்பழம்னு சந்தையில நானே வித்துக்கறேன். யாரோட வண்டியும் வேண்டாம். நீங்க எழுதிக்குங்க."

"நிஜமாவா?"

"ஏழு பழம். என் நிலம். எழுதுங்க."

அவர் எழுதினார். இரண்டு பக்கம் வந்தது. மடிக்காமல்தான் நீட்டினார். கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது.

அவள் காகிதத்தை வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் நின்று படித்தாள். முதல் பக்கம், பிறகு இரண்டாவது பக்கம். ஒரு சொல்லையும் விடவில்லை.

"பாப்பா," என்றான் அண்ணன்.

அவள் நிமிரவில்லை. கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்டாள்.