பதினோரு மணி ஆராதனை

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னாலிருக்கும் பழைய தமிழ்ச் சபையில் காலை எட்டு மணி ஆராதனைக்கு இப்போது பதினான்கு பேர்தான் வருகிறார்கள். பிள்ளைகளெல்லாம் மலையாள ஆராதனைக்குப் போய்விட்டார்கள். அச்சன் என்று சபையார் கூப்பிடும் இளம் போதகர் ஆன்சன், ஈஸ்டருக்குப் பிறகு பதினோரு மணிக்கு இந்தி ஆராதனை ஒன்றைத் தொடங்கினார். கடைத்தெருவில் மூட்டை தூக்கும் ஜார்க்கண்ட்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் குளித்து, தலைவாரி வந்து பெஞ்சுகளை நிறைத்தார்கள்.

சபைச் செயலாளர் ஓமனாவுக்கு அது பிடிக்கவில்லை. "கண்ட ஆளுகளும் வந்து போக இது சத்திரமா?" என்று கமிட்டிக்குக் கடிதமே எழுதினாள். கமிட்டி அதைப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தது.

ஓணம் முடிந்த வாரம், முற்பகலில் ஒருவன் சபை ஆபீசுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பணிவான பேச்சு. பெயர் சொல்லவில்லை.

"சேச்சி, அந்த இந்திக்காரங்க பேரும் தங்குற இடமும் எழுதின ரெஜிஸ்டர் உங்ககிட்டதானே இருக்கு?"

"எதுக்காக்கும்?"

"ஆரெல்லாம் வாறாங்கன்னு பாக்கத்தான்." சிரித்தான். "சேச்சிக்கும் இது பிடிக்கலை அல்லே? இது சத்திரமான்னு நீங்களே கேட்டிருக்கீங்க."

அந்தக் கடிதம் கமிட்டியின் ஒன்பது பேரைத் தாண்டிப் போனதில்லை.

"ரெஜிஸ்டர் அச்சன்கிட்ட இருக்கு" என்றாள். அது அவள் முழங்கைக்கு அடியிலேயே கிடந்தது. அவனும் அதைப் பார்த்தான்.

"அவசரமில்லை. ஞாயிற்றுக்கிழமை வாறோம்."

அவள் ஆன்சனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் போலீசில் மனு கொடுத்தார். பார்க்கலாம் என்றார்கள்.

ஞாயிறன்று ஓமனா எட்டு மணி ஆராதனை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், ஒரு சொல்லும் புரியாத அந்த இந்தி ஆராதனையில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாதியில் பைக் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே ஏழு பைக்குகள். அவற்றில் வந்தவர்கள், வெளியே வரும் முகங்களைப் படமெடுக்கக் கையில் போனோடு காத்திருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்துப் பின்கதவின் துருப்பிடித்த பூட்டைச் சபையில் மணியடிக்கும் கோயில்பிள்ளை நேசையன் கல்லால் உடைத்தார். ஓமனா ஜார்க்கண்ட்காரர்களை இரண்டிரண்டு பேராகச் சந்துக்குள் அனுப்பினாள். கடைசி ஆள் போன பிறகுதான் அவள் கதவைச் சாத்தினாள்.

ஆனால் அடுத்த ஞாயிறு இருபது பேர்தான் வந்தார்கள். ஆறு பேரை வீட்டுக்காரர்கள் வாடகை அறையிலிருந்து வெளியேற்றிவிட்டார்களாம்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. ஆராதனையை நிறுத்துவதா என்று கைதூக்கச் சொன்னபோது நாலு கைகள் உயர்ந்தன. ஓமனாவையும் சேர்த்து ஐந்து பேர் தூக்கவில்லை. ஆராதனை தப்பியது.

கூட்டம் கலைந்ததும் நிறுத்தச் சொன்னவர்கள் அவளைப் பார்க்காமலே போனார்கள். அவர்களில் சுனில் மட்டும் திரும்பி வந்தான்.

"ஓமனாக்கா, இனி தனியா நடந்து போவண்டாம், கேட்டியளா?"

அக்கறையில் சொன்னானா, மிரட்டினானா என்று வீட்டுக் கதவைத் தாழிட்ட பிறகும் அவளுக்கு விளங்கவில்லை.