முந்நூற்றுப் பதினாலாம் நம்பர் வண்டி

விக்கி அந்தப் பந்தய வண்டியைக் கோவிலம்பாக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கியிருந்தான். கூரை இல்லை, கதவு இல்லை. தரையோடு தரையாக நாலு சின்னச் சக்கரங்கள். கோ-கார்ட். என்ஜின் ஏதோ மொபெட்டிலிருந்து பிடுங்கியது. சீட் மினி பஸ்ஸுடையது. முன் பம்பர் தண்ணீர்க் குழாய். மறுநாள் சிறுசேரி பக்கம் பழைய கார்ட்டுகளுக்கு மட்டும் ஒரு ஓட்டம். எந்த நாட்டு வண்டி, எந்த வருஷம் என்று காட்டினால்தான் உள்ளே விடுவார்கள்.

அதற்காகத்தான் மாடம்பாக்கத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு அதை இழுத்து வந்திருந்தான். அக்கா புருஷன் கேஷவ் கார் கம்பெனியில் டிசைன் என்ஜினியர். அக்கா சுப்ரஜா இறந்து பதினோரு மாதம். அதற்குப் பிறகு கேஷவ் அழவில்லை. சிரிக்கவும் இல்லை. சொன்ன வேலையைச் செய்தான்.

"ஃபிரேம் மட்டும்தான் ஒரிஜினல்," என்றான்.

பின் குழாயில் பெயிண்டைச் சுரண்டினான். பச்சை, அதன் கீழே மஞ்சள், அதன் கீழே சிவப்பு. கடைசியில் எண் தெரிந்தது. 315. ஓட்டம் நடத்துபவர்கள் அனுப்பிய பட்டியலில் அந்த எண் இல்லை. 314 இருந்தது. இத்தாலி, 1974.

"ஒரு நம்பர்ல போச்சே மாமா!"

கேஷவ் ஐந்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். மற்ற இரண்டையும்விட அது ஆழமாக இருந்தது. இரும்புக் கடைக்காரர் ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார். சுப்பராயலு, அந்தக் காலத்தில் பந்தய வண்டிகளுக்கு வெல்டிங் செய்தவர். கேஷவ் ஸ்பீக்கரில் போட்டான்.

"முந்நூத்தி பதினஞ்சா? அது நான் அட்ச்ச நம்பரு சார். மின்ன இருந்தது முந்நூத்தி பதினாலு, கூட்னா எட்டு வருதுல்ல? ஓனருக்கு ஆவாது. நாலை அட்ச்சிட்டு அஞ்சு போடுன்னாரு."

"அப்ப 314தான்!" விக்கி துள்ளினான். "மாமா, கலக்கிட்டீங்க!"

"எட்டு முதல்லயே ஆகலையா, அப்புறம் ஆகாமப் போச்சா?" என்று கேஷவ் கேட்டான்.

சுப்பராயலு குரலைத் தாழ்த்தினார்.

"வண்டி ஓடிக்கினு இருக்க சொல்லவே பைப்பு ரெண்டா ஒட்ஞ்சு பூட்ச்சு சார். சீட்டுக்குக் கீழ. நான்தான் உள்ள பைப்பு வுட்டு ஒட்னேன்."

"ஓட்டினவர்?"

"அத்த இன்னாத்துக்கு இப்ப கேக்குற."

விக்கி போனை அணைத்தான். "நாம பொறக்கறதுக்கு முன்னாடி நடந்தது மாமா. தெருவுல ஒரு ரவுண்டு பாத்துடறேன்."

"வேணாம் விக்கி."

"அக்கா இருந்திருந்தா அவதான் முதல்ல ஏறியிருப்பா," என்று சிரித்தபடி ஹெல்மெட் எடுக்க மாடிக்கு ஓடினான்.

கேஷவ் ஸ்பேனரால் குழாயைத் தட்டினான். டிங். டிங். சீட்டுக்குக் கீழே வந்ததும் சத்தம் செத்தது. உள்ளே இன்னொரு குழாய் இருந்தால் அப்படித்தான் கேட்கும். அது அவனுக்குத் தெரியும். விரிசல் இருந்தாலும் அப்படித்தான் கேட்கும்.

பதினோரு மாதம் முன்பு, தன் ஸ்கூட்டர் முன்பக்கம் ஏதோ சத்தம் வருகிறது என்று சுப்ரஜா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றான். வெள்ளிக்கிழமையே மேடவாக்கம் ரோட்டில் முன்சக்கரம் தனியாகக் கழன்று போனது.

மாடிப்படியில் விக்கியின் செருப்புச் சத்தம் கேட்டது. கேஷவ் கட்டிங் மெஷினைப் போட்டான்.

"மாமா! பைத்தியமா உங்களுக்கு?"

தீப்பொறி அடங்கியபோது குழாய் இரண்டாகியிருந்தது. விக்கி குனிந்து பார்த்தான். உள்குழாய் துருவில்லாமல் பளபளத்தது. வெல்டிங்கில் மயிரிழைகூட விரிசல் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு! பாருங்க மாமா! நல்லாத்தானே இருந்துச்சு!"

கேஷவ் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மெஷினைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பக்கம் வெட்டிப் பார்க்காத இன்னொரு குழாய் இருந்தது. மெஷினை அதன் மேல் வைத்தான்.