பார்த்தவர் பட்டியல்

அப்பா போன இருபத்து மூன்றாம் நாள், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இரண்டு போட்டோ, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மின்சார அலுவலகத்தின் மூன்றாவது கவுன்டரில் போய் நின்றாள் சிஸ்டர். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். இணைப்பைத் துண்டிக்கவோ பெயர் மாற்றவோ அவள் வரவில்லை. அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். சாவதற்குப் பதினோரு நாள் முன்னால், தனக்குக் கொடுத்திருந்த அனுமதியை அப்பா ஏன் திரும்பப் பெற்றுக்கொண்டார்?

அது என்ன அனுமதி என்று சொல்லிவிடுகிறேன். புது மீட்டர் வந்த பிறகு, எந்த வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது அரை மணிக்கு ஒரு தரம் பதிவாகிறது. போனில் அதைக் கோடு கோடாகப் பார்க்கலாம். ஆனால் யார் பார்ப்பது என்பதை, இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் மனசு வைத்தால் திறக்கும், வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே மூடிக்கொள்ளும். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சட்டம் அதுதான்.

அம்மா போன பிறகு அப்பா நகரத்தின் அந்தக் கோடியில் தனியாக இருந்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்த மனுஷர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எந்த டிரைவர் வந்தார், எவர் வரவில்லை, எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். மகள் அனுமதி கேட்டபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு பக்க நிபந்தனைகளையும் ஒரு வரி விடாமல் படித்தார். உலகத்தில் அதைப் படித்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

"நான் எப்ப லைட் போடறேன்னு நீ எதுக்கும்மா பாக்கணும்?"

"காலையில எந்திரிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சா எனக்கு நிம்மதிப்பா. போன் பண்ணா 'ம்', 'சரி', 'வெச்சிடட்டுமா', மூணே வார்த்தை. உங்களைவிட மீட்டர் நல்லா பேசும்."

அப்பா சிரித்துவிட்டார். உறவு என்ற கட்டத்தில் ஒற்றை விரலால் 'மகள்' என்று தட்டி, சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே பொத்தானை அழுத்தினார்.

நாலு மாதம் நன்றாகத்தான் போனது. ஆறு மணி பஸ்ஸில் உட்கார்ந்ததும் சிஸ்டர் போனைத் திறப்பாள். ஐந்தே முக்கால் வாக்கில் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியிருக்கும். அப்பா மின்சாரக் கெட்டிலில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டார். போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

பிறகு வேலை கழுத்தை நெரித்தது. அவள் இருந்தது டயாலிசிஸ் பிரிவு. ஒரு நர்ஸ் நின்றுவிட்டாள், இரண்டு மெஷின் கூடிவிட்டது. எட்டுப் பேரின் ரத்தம் எட்டு மெஷினில் ஓடும்போது ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? அலாரம் அடித்தால் ஓட வேண்டும், அடிக்காத வரை ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். அங்கே எல்லோரும் வேலை செய்வது இப்படித்தான். அப்பாவுக்கும் அதையே செய்தாள். காலை எட்டு மணிக்குள் கோடு ஏறாவிட்டால் தன் போன் அலற வேண்டும் என்று செயலியில் ஒரு ஏற்பாடு செய்து வைத்தாள். இனி தினமும் திறந்து பார்க்கத் தேவையில்லை. இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவளைக் குறை சொல்லவும் வாய் வரமாட்டேன் என்கிறது.

ஏழு வாரம் கழித்து ஒரு மத்தியானம் செய்தி வந்தது: "நுகர்வோர் உங்களுக்கு அளித்த அனுமதியைத் திரும்பப் பெற்றுள்ளார்." ஒரு நோயாளியின் கையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டிருந்தாள். படித்ததும் முகம் சுருங்கிப் போயிற்று. அப்படி என்ன ரகசியம் இந்த மனுஷனுக்கு? நான் என்ன வேவா பார்க்கிறேன்? அவராகப் பேசட்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் அப்பாவும் மகளும் ஒரே அச்சு.

பதினோராம் நாள் காலை அப்பா சமையலறையில் விழுந்தார். கெட்டிலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போன இடம். அடுத்த நாள் மத்தியானம், மாடியிலிருந்து சத்தமே இல்லையே என்று கீழ்க்கடைத் தையல்காரர் ஏறிப் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் அடைப்பு, முதல் மூன்று நான்கு மணி நேரத்தில் கொண்டு வந்திருந்தால் பிழைக்க வழி இருந்தது என்றார் டாக்டர். எட்டு மணிக்கு அவள் போன் அலறியிருந்தால் ஒன்பதரைக்கெல்லாம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்திருப்பார். டாக்டருக்கு இது தெரியாது. அவளுக்குத் தெரியும்.

வெளியூரிலிருந்து வந்த தம்பி ஒன்றே ஒன்று கேட்டான். "சும்மா ஒண்ணும் எடுத்திருக்க மாட்டாருக்கா. நீ என்ன சொன்ன அவரை?"

என்ன சொன்னோம் என்று இருபத்து மூன்று நாளாக யோசித்துப் பார்த்தாள். எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தக் கவுன்டர்.

கவுன்டரில் இருந்த பெண் காகிதங்களைச் சரிபார்த்து, பதிவை வாரிசு என்ற பேரில் திறந்து, திரையை இவள் பக்கம் திருப்பினாள்.

"காரணம் எழுதியிருக்காரு மேடம். 'வருகை இல்லை'ன்னு இருக்கு. வழக்கமா தேவையில்லைன்னுதான் போடுவாங்க. இது என்னன்னு புரியலையே."

"யாரோட வருகை?"

"பார்த்தவர் பட்டியலைப் பாத்தா தெரியலாம். உங்க பதிவை யாரு எப்ப திறந்து பாத்தாங்கன்னு இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவருக்குக் காட்டும்ல, அது."

"நான் பாத்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியணும்ல மேடம், அவர் வீட்டு விஷயமாச்சே. இப்ப நாம திறந்ததுகூட விழுந்திருக்கு பாருங்க." மேல் வரியில் 'வாரிசு, 11.42' என்றிருந்தது. அந்தப் பெண் பழைய தேதிகள் வரை கீழே தள்ளிக்கொண்டே போனாள்.

முதல் நாலு மாதமும் ஒரே மாதிரி இருந்தது. மகள், 6.10. அதற்கு மேல் வரியில் இணைப்பின் உரிமையாளர், அதாவது அப்பா, 6.20. மகள், 6.12. உரிமையாளர், 6.20. அவள் வந்து பார்த்துவிட்டுப் போன பத்து நிமிஷத்தில் அவர் வந்து அவள் வந்தாளா என்று பார்த்திருக்கிறார். ஒரு நாள் தப்பவில்லை.

பிறகு மகள் இல்லை. காலை எட்டுக்குத் 'தானியங்கி' என்று ஒன்று மட்டும் இருந்தது. உரிமையாளர் 6.20க்கு வந்திருந்தார், 6.40க்கு, 7.15க்கு, பத்து மணிக்கு, சாயங்காலம் நாலுக்கு. ஒரு நாளில் ஏழு முறைகூட வந்திருந்தார். ஏழு வாரம் இப்படி.

டிப்போவில் ஒரு டிரைவர் வரவில்லை என்றால் அப்பா உடனே எழுதிவிட மாட்டார். எழுதினால் அந்த ஆளுக்கு அன்றைய நாள் சம்பளம் போயிற்று. கடைசி வண்டி கிளம்பும் வரை அந்த இடத்தை வெறுமனே விட்டு வைத்துவிட்டு, இனி வரவே மாட்டான் என்று ஆன பிறகுதான் 'வருகை இல்லை' என்று எழுதுவார். சாப்பிடும்போது அம்மாவிடம் அதைச் சொல்லி வருத்தப்படுவார். அவர் எதற்கும் கோபித்துக்கொள்ளவில்லை. ஏழு வாரம் காத்திருந்துவிட்டு எழுதியிருக்கிறார்.

"அச்சு எடுத்துத் தரட்டுமா மேடம்?" என்றாள் அந்தப் பெண். சிஸ்டர் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அங்கிருந்து அப்பா வீட்டுக்குப் போனாள். வீட்டைக் காலி செய்து சாவியை அன்றைக்கே ஒப்படைக்க வேண்டியிருந்தது. படியேறப் போனவளைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன். கூட்டத்துல முடியல. பொண்ணு வந்துச்சான்னு நான் கேட்டா, 'ஆறு பத்துக்கே வந்துட்டுப் போயிட்டா, நேத்தைவிட ரெண்டு நிமிஷம் லேட்டு'ம்பாரு உங்கப்பா. மூஞ்சியெல்லாம் சிரிப்பா இருக்கும். நான் கடை திறக்க ஒன்பது ஆயிடும்ல, அதுக்கு முன்னாடியே போயிடுது போலன்னு நெனச்சுக்குவேன்."

"ஆமாண்ணே. வந்துட்டுத்தான் இருந்தேன்."

"கடைசி ரெண்டு மாசமா கேட்டா வாயே திறக்க மாட்டாரு. போனைத் தேச்சுக்கிட்டே இந்த ஸ்டூல்ல உக்காந்திருப்பாரு. ஏம்மா, அப்புறம் ஏன் வரல நீ?"

வேலை அதிகம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"அவர் நல்லா இருக்காருன்னு நெனச்சுட்டேன்ணே," என்றாள். இருபத்து மூன்று நாளாக வராத அழுகை அப்போது வந்தது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.