மச்சான் கட்டிலில் கட்டிய கயிறு

மச்சானுக்கு வயது எண்பது, எனக்கு எழுபத்து நான்கு. என் மனைவியின் அண்ணன் அவர். பத்தொன்பது வருடம் ஒரே பேருந்தில் நான் டிரைவர், அவர் கண்டக்டர். அவர் ஒரு மணி அடித்தால் நிறுத்துவேன், இரண்டு அடித்தால் எடுப்பேன். மணி லேசாகத் தாமதமானால்கூட கண்ணாடியில் அவரை முறைப்பேன். நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். போன வருடம் அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. தனியாக எழுந்தால் விழுந்துவிடுவார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என் தலைமாட்டில் ஒரு மணியை மாட்டி, கயிற்றை ஜன்னல் வழியாக அடுத்த அறைக்கு இழுத்து அவர் கட்டிலில் கட்டினேன்.

"வேணும்னா ஒரு தடவ இழுங்க மச்சான், ஓடி வந்துடறேன்."

கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தால், பொட்டுத் தூக்கம் இல்லை. மணி அடிக்காவிட்டால் நன்றாக இருக்கிறாரா, விழுந்து கிடக்கிறாரா? எழுந்து போய்ப் பார்ப்பேன். குறட்டை விடுவார். திரும்பி வந்து படுத்தால் மறுபடியும் அதே சந்தேகம். ஒரு ராத்திரியில் ஏழெட்டு நடை. ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் திட்டினார், நானும் பதிலுக்குத் திட்டினேன்.

ஒரு நாள் காலை அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, நின்றபடியே கண் சொக்கிவிட்டது. பிடி நழுவியது. குழாயைப் பிடித்துக்கொண்டதால் அவர் முழங்கைத் தோல் உரிந்ததோடு தப்பித்தார்.

என் மகள் வந்து காயத்தைப் பார்த்தாள்.

"ஒரு வாரம் பாக்கறேம்ப்பா. நீங்க தூங்கலன்னா மாமாவ முதியோர் இல்லத்துல சேத்துடலாம். ரெண்டு பேரையும் சேத்து இழக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கதவு திறந்திருந்தது, மச்சானும் கேட்டுவிட்டார்.

சாயங்காலம் கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தக் காலத்துல நீ எப்ப நிம்மதியா வண்டிய எடுப்ப?"

"நீங்க ரெண்டு மணி அடிச்சதும்."

"இப்ப எனக்கு ஒரு மணிக்கு மட்டுந்தானே உத்தரவு குடுத்திருக்க? நல்லாத்தான் இருக்கேன்னு நான் எப்படிச் சொல்றது? பத்தொம்போது வருஷம் வண்டி ஓட்டியும் உனக்கு மூள வரலியே!"

எனக்குச் சுருக்கென்றது.

அன்று படுத்தேன். சிறிது நேரத்தில் தலைமாட்டில் இரண்டு மணி. எல்லாரும் ஏறியாச்சு, எடுக்கலாம். கண்ணை மூடினேன். பிறகு எப்போதோ இன்னொரு இரண்டு மணி லேசாகக் காதில் விழுந்தது. எழவில்லை. அடுத்து கண் விழித்தபோது முகத்தில் வெயில்.

பதறிப்போய் ஓடினேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் மச்சான். கயிறு அவர் விரல்களில் சுற்றியிருந்தது, கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி பூரா தூங்கலியா நீங்க?"

"நான் பகல்ல தூங்கிக்குவேன். என்னை யாரு இப்ப டூட்டிக்குக் கூப்பிடறாங்க?"

"ரெண்டே தடவதான அடிச்சீங்க?"

அவர் சிரித்தார்.

"எட்டு தடவ அடிச்சேன் மாப்ள. மிச்சம் ஆறு உனக்குக் கேக்கல. அதுக்குப் பேருதான் தூக்கம்."

இத்தனை மாதமாக அவரைப் பார்த்துக்கொள்வது நான் என்று நினைத்திருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உரிந்த அந்த முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பத்தொன்பது வருடமும் என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர்தான்.

"ரொம்ப நன்றி மச்சான்," என்றேன்.

"சரி சரி, லேட்டாத்தான் வருது உன் வண்டி. என்னை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போ. விடியக்காலத்துலேருந்து அடக்கிட்டு உக்காந்திருக்கேன்."