இடப்பக்கத்துத் தொட்டி

பக்கவாதத்துக்குப் பிறகு கிளிஃபர்ட்டுக்கு உலகத்தில் பாதி இல்லாமல் போயிருந்தது. கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சிலும் குறை இல்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை. தட்டில் வலப்பக்கத்துச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்குப் பொரியல் செய்யலையா?" என்பார். பொரியல் இடப்பக்கத்தில் ஆறிக் கிடக்கும். அவர் மனைவி பிரிஜெட் தட்டைத் திருப்பி வைப்பாள்.

லிங்கராஜபுரத்து வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் சங்கமித்ராதான் விளக்கினாள். "அங்கிளுக்குக் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல ஆண்ட்டி. மூளைதான் அந்தப் பக்கத்தைக் கவனிக்க மாட்டேங்குது. அசையிற மாதிரி ஏதாவது ஒண்ணை அவருக்கு இடது கைப்பக்கம் வைங்க. தானா தலையைத் திருப்பட்டும்."

டிவியை அந்தப் பக்கம் நகர்த்தினார்கள். கிளிஃபர்ட் எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே செய்தி கேட்டார்.

மாடி வீட்டில் குடியிருந்த வைஷ்ணவி சேலத்துப் பெண், ஐடி கம்பெனியில் வேலை. வாடகை ரசீது கேட்க இறங்கி வந்தவளிடம் பிரிஜெட் மனம் தாங்காமல் இதைச் சொன்னாள். வைஷ்ணவி கொஞ்சம் யோசித்தாள்.

"மீன் தொட்டி வைக்கலாங்க ஆண்ட்டி."

"அதுக்கெல்லாம் எங்கம்மா போறது? மருந்துக்கே இழுத்துப் பிடிச்சுட்டு இருக்கோம்."

"செடி வச்ச சின்னத் தொட்டிக்கு மோட்டார்கூட வேண்டாங்க. என் தொட்டியில வாராவாரம் செடியை வெட்டிக் குப்பையிலதான் போடுறேன். அதையே கொண்டாரேன். நீங்க கண்ணாடித் தொட்டி மட்டும் எங்கயாச்சும் கேட்டுப் பாருங்க."

மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ரெமிஜியஸ் வீட்டுப் பரணில் பழைய தொட்டி ஒன்று இருந்தது. "ஓரத்துல ஒழுகும் சிஸ்டர். நானே சிலிகான் வச்சு அடைச்சுத் தரேன்" என்றவர், சொன்னபடியே அடைத்து, தண்ணீர் நிரப்பி ஒரு நாள் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, தாள் நனையவில்லை என்றான பிறகே ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினார். தெருமுனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி ஒரு வாளி மணலை அள்ளிக்கொள்ளச் சொன்னார்.

மணலைக் கழுவுவதற்குள் பிரிஜெட்டுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் டீ மாதிரி வந்தது. ஒருவழியாகத் தெளிந்ததும் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளும் வைஷ்ணவியுமாக உட்கார்ந்தார்கள். துளசித் தொட்டிக்கென்று வாங்கிய மண்ணைச் சலித்து அடியில் பரப்பி, அதன்மேல் மணலை மூடினார்கள். மண் கலங்காமல் இருக்க வைஷ்ணவி ஒரு சாசரைக் கவிழ்த்து, அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். குழாயில் வரும் காவேரித் தண்ணீரைக் குளோரின் போக முன்தினமே வாளியில் பிடித்து வைத்திருந்தார்கள். செடித் துண்டுகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டு, படிக்கிற விளக்கை மேலே சாய்த்துக் கட்டினார்கள். கிளிஃபர்ட்டின் நாற்காலிக்கு இடப்பக்கம், ஸ்டூல் மேல் தொட்டி உட்கார்ந்தது.

"மீன்?" என்றாள் பிரிஜெட்.

"இப்ப விட்டா செத்துருங்க. செடி வேர் பிடிக்கட்டும். ஒரு மாசமாச்சும் பொறுக்கோணும்."

பிரிஜெட்டுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முதல் வாரம் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தது. பிறகு அதுவாகவே தெளிந்தது. செடிகளில் புதுத் துளிர் விட்டது. கிளிஃபர்ட் திரும்பவேயில்லை. இத்தனை பேரைச் சிரமப்படுத்தினோமே என்று அவள் கூசிப்போனாள்.

ஒரு சாயங்காலம் வைஷ்ணவி தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். செடியோடு ஒட்டிக்கொண்டு வந்த நத்தை ஒன்று, மிளகளவுதான் இருக்கும், கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தது. "சாரிங்க ஆண்ட்டி, நல்லாக் கழுவித்தான் கொண்டாந்தேன். இது ஒண்ணு வந்தா குஞ்சு பொரிச்சு ஊரையே கூட்டிரும். எடுத்துப் போட்டுடறேன்."

கையைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"அதை ஏம்மா எடுக்கிற? அது பாட்டுக்குப் போகுது."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளிஃபர்ட்டின் கழுத்து முழுசாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. பார்வை தொட்டிக் கண்ணாடியின் மேல் இருந்தது.

"எவ்ளோ நேரமாப் பாக்குறீங்க?" பிரிஜெட் மெதுவாகக் கேட்டாள்.

"கீழேருந்து ஏறிட்டு இருக்குது. நடுவுல ஒரு தரம் விழுந்துடுச்சு. மறுபடி ஏறுது." ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார்.

வைஷ்ணவி கையை வெளியே எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். பிரிஜெட் சங்கமித்ராவுக்கு போன் போட்டு வைஷ்ணவியிடம் நீட்டினாள். வைஷ்ணவிதான் விஷயத்தைச் சொன்னாள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. சில நாள் திரும்புவார், சில நாள் அந்தப் பக்கமே மறந்துபோகும். சங்கமித்ரா வரும்போதெல்லாம் பயிற்சியைத் தொட்டியை வைத்தே நடத்தினாள். நத்தை எங்கே, புது இலை எங்கே என்று தேடச் சொன்னாள். அந்த ஒரு மாதம் கழிந்து ரெமிஜியஸ் ஒரு கவரில் நாலைந்து கப்பி மீன்களோடு வந்தார். மீன்கள் வந்த பிறகு கிளிஃபர்ட் தினமும் திரும்பினார். தீனி போடுவது தன் வேலை என்று அவரே எடுத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம், ஊருக்குக் கிளம்பிய வைஷ்ணவி சாவி கொடுக்க வந்தாள். வாசற்கதவு கிளிஃபர்ட்டுக்கு இடப்பக்கம். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, "வாம்மா வைஷ்ணவி. பஸ் எத்தனை மணிக்கு? சாப்டுட்டுப் போ" என்றார்.

பிரிஜெட் சமையலறையில் இருந்தாள். அதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பளம் கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து வைஷ்ணவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க ஆண்ட்டி, குப்பைக்குப் போற செடிதானே" என்றாள் வைஷ்ணவி சங்கடத்துடன்.

"இருக்கட்டும்மா. நீ உட்காரு, முதல்ல சாப்டு" என்று பிரிஜெட் தட்டு எடுக்கப் போனாள்.